வயருக்கும் வெயில் சுடும்

புதிய வீடொன்றுக்கு மின்சாரம் எடுக்கும்போது எம்மவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. எத்தனை பொயின்ற் போடலாம்? மொத்தமாக என்ன செலவாகும்? இவ்விரண்டும் நியாயமான கேள்விகளே. பலமுறை இடம்பெயர்ந்து, இருந்ததை இழந்து, கடன்பட்டு வீடு கட்டிய குடும்பம் செலவைப் பற்றிக் கேளாமல் இருக்க முடியாது. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை வீட்டுக்காரர் கேட்பதில்லை. வயரிங் செய்பவரும் பெரும்பாலும் சொல்வதில்லை. வீட்டுத்திட்ட மதிப்பீட்டுத் தாளிலும் அதற்கு இடமில்லை. “இந்த வயர் எவ்வளவு சூட்டில் வேலை செய்யப்போகிறது?” என்பதே அக்கேள்வி.

இது பொறியியலாளர்களின் காரியம், எமக்கென்ன என்று பலர் எண்ணக்கூடும். அப்படியல்ல என்பதே எமது கருத்து. வெயில் எமது ஊரின் வெயில். கூரை நாம் போட்ட கூரை. அதன் கீழ் உறங்குவோர் எமது பிள்ளைகள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் கட்டிக்கொண்டு ஓடியோடிக் காப்பாற்றி வந்த குடும்பங்கள் நாம். அந்தப் பை இன்று வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதை மதிலுக்குள் இருக்கும் ஒரு வயர் எரித்துவிடக் கூடாது.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. அதன்பின் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறை. வன்னியின் பல கிராமங்கள் 2009இல் போர் முடிந்த பின்னரே மின்கம்பத்தைக் கண்டன. ஆகவே மின்சாரத்தோடு வாழும் பழக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த ஒன்றாக எம்மிற் பலருக்கு இல்லை. கிணறு வெட்டுவது, வரம்பு கட்டுவது, கிடுகு வேய்வது எல்லாம் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வயரைப் பற்றி மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

வயர் ஏன் சுடுகிறது?

செப்புக் கம்பியினூடாக மின்னோட்டம் செல்லும்போது கம்பி சூடாகிறது. இது பழுது அல்ல, இயற்கை. ஆனால் அந்தச் சூடு ஏறும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியிற் பிறக்கும் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒரு வண்டியில் இரண்டு மூட்டை கூட ஏற்றினால் மாடு கொஞ்சம் கூடக் களைக்கும். வயரின் கணக்கு அப்படிப்பட்டதல்ல.

கம்பியைச் சுற்றியிருக்கும் பிவிசி உறைதான் எம்மைக் காப்பது. வீடுகளுக்கு நாம் வாங்கும் சாதாரண பிவிசி வயரின் கம்பி தொடர்ந்து வேலை செய்யக்கூடிய உச்ச வெப்பநிலை 70 பாகை செல்சியஸ். அதைத் தாண்டினால் உறை உடனே உருகி ஒழுகுவதில்லை. அதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. பிவிசியை வளையச் செய்வதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. உறை விறைத்து, நிறம் மாறி, வெடித்து விடுகிறது. வளைவான இடங்களில் இளகிய உறையைக் கம்பி அமுக்கிக்கொண்டு வெளியே வரவும் கூடும். வெப்பநிலை ஏறத்தாழப் பத்துப் பாகை கூடும்போது உறையின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு. இருபத்தைந்து வருடம் இருக்கவேண்டிய வயர் ஐந்தாறு வருடத்தில் முதுமையடைவது இப்படித்தான்.

வயர்க் கட்டில் 1/1.13, 7/0.67, 7/0.85 என்று எழுதியிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். முதல் இலக்கம் இழைகளின் எண்ணிக்கை. அடுத்தது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர் வயர். 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர். 7/0.85 என்பது 4 சதுர மில்லிமீற்றர். இந்தத் தடிப்புகளுக்கு இவ்வளவு அம்பியர் தாங்கும் என்று அட்டவணைகள் உண்டு. மதிலிற் குழாயினுள் செல்லும் 7/0.67 வயருக்கு அந்த அட்டவணை 24 அம்பியர் என்கிறது. கடைக்காரரும் அதையே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 24 அம்பியருக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: சுற்றுப்புறம் 30 பாகைக்கு மேற்படாமல் இருக்கவேண்டும், அந்தக் குழாயினுள் வேறு சுமையுள்ள இணைப்பு இருக்கக் கூடாது.

கூரைக்குக் கீழே நடப்பது

சித்திரை, ஆடி மாதங்களில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ 30 பாகை என்பது பெரும்பாலும் காலை ஒன்பது மணியோடு கடந்துபோகும் ஓர் எண். தகரக் கூரைக்கும் சிலிங்குக்கும் இடையே காற்றோட்டமில்லாத இடத்தில் நண்பகலில் 50 பாகை இருப்பது புதுமையல்ல. மதிலில் வெட்டிக் குழாய் புதைக்கும் செலவைத் தவிர்ப்பதற்காக நாம் வயர்களை எல்லாம் கட்டாகக் கொண்டுபோவது அந்த இடத்தினூடாகத்தான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கம்பி 70 பாகை வரை போகலாம். சுற்றுப்புறம் 30 பாகையானால், மின்னோட்டத்தாற் சூடேற 40 பாகை இடமிருக்கிறது. சுற்றுப்புறமே 50 பாகையானால் 20 பாகை மட்டுமே மிஞ்சுகிறது. வெயில் பாதியைத் தின்றுவிட்டது. பாதி வெப்பத்தை மட்டுமே உண்டாக்கலாம் என்றால் மின்னோட்டத்தை 100இலிருந்து ஏறக்குறைய 71 ஆகக் குறைக்கவேண்டும். மின்னிணைப்பு விதிநூல்கள் தரும் திருத்தக் காரணியும் இதுவேதான்: 35 பாகைக்கு 0.94, 40 பாகைக்கு 0.87, 50 பாகைக்கு 0.71, 60 பாகைக்கு 0.50.

இத்தோடு முடியவில்லை. ஒரே குழாயினுள் பல இணைப்புகள் சென்றால் ஒன்றின் சூடு மற்றதைச் சுடும். ஒரு பாயில் நான்கு பிள்ளைகள் படுத்தாற்போல. இரண்டு இணைப்புக்கு 0.80, மூன்றுக்கு 0.70, நான்குக்கு 0.65 என்பது விதிநூற் கணக்கு.

ஆகவே கூரையினுள் மூன்று இணைப்புகள் ஒரே குழாயிற் சென்றால், 24 அம்பியர் என்று வாங்கிய 7/0.67 வயர் உண்மையில் தாங்குவது 24 × 0.71 × 0.70, அதாவது 12 அம்பியருக்கும் சற்றுக் குறைவு. நாம் காசு கொடுத்து வாங்கிய வயரிற் பாதியை வெயிலும் நெருக்கமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

12 அம்பியர் போதாதா என்று கேட்கலாம். இரண்டு மின்குமிழும் ஒரு வானொலியுமாக இருந்த காலத்தில் தாராளமாகப் போதும். இன்று? 2000 வாற் மின்னடுப்பு 8.7 அம்பியர் எடுக்கும். 700 வாற் ரைஸ் குக்கர் 3 அம்பியர். 1000 வாற் மின்னழுத்தி 4.3 அம்பியர். பாடசாலை நாளொன்றின் காலைப்பொழுதில் மூன்றும் ஒரே இணைப்பில் வேலை செய்தால் 16 அம்பியர். மின்தடை நீண்ட நாளில் மின்சாரம் நண்பகலில் வந்தால், காத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவார்கள். கூரை சுட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. குழாயிலுள்ள மற்ற இரண்டு இணைப்புகளும் இதேயளவு சுமையைச் சுமந்தால், கம்பியின் வெப்பநிலை 85 பாகையைத் தாண்டும். விளக்கு மங்காது. சத்தம் கேளாது. ஒன்றும் நடவாதது போலவே இருக்கும்.

செலவில்லாத மருந்து: பாதையை மாற்றுதல்

தடித்த வயரைப் போடு என்பதுதான் பலர் சொல்லும் ஒரே மருந்து. அது சரியான மருந்துகளில் ஒன்று. ஆனால் வடிவமைப்பு என்பது பொருளைக் கூட்டுவது மட்டுமல்ல. இருக்கும் பொருளை நல்ல இடத்தில் வைப்பதுமாகும். அதே 7/0.67 வயரைக் கூரையிலிருந்து இறக்கி, மேற்கு வெயில் படாத உட்சுவரில், தனிக் குழாயில் கொண்டுசென்றால் என்னவாகும்? சுவரில் 35 பாகை என்று வைத்துக்கொள்வோம். 24 × 0.94, அதாவது 22 அம்பியருக்கும் மேல் தாங்கும். அதே 16 அம்பியர் சுமையில் கம்பியின் வெப்பநிலை ஏறத்தாழ 53 பாகை மட்டுமே. கூரையினுள் 85, சுவரில் 53. வயர் ஒன்றே, வீடு ஒன்றே, மாறியது பாதை மட்டுமே.

எல்லா வயரையும் கூரையிலிருந்து இறக்கவேண்டும் என்பதுமில்லை. 9 வாற் எல்.ஈ.டி. குமிழ்கள் பத்தும் ஒன்றாக எரிந்தாலும் அரை அம்பியர் ஆகாது. அந்த வயரில் பிறக்கும் சூடு கணக்கில் வராது. ஆகவே விளக்கு வயர்கள் கூரையிலேயே போகட்டும். சுமை சுமக்கும் பிளக் வயர்களையும் நீர்மோட்டர் வயரையும் மட்டும் கீழே இறக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோனாற் போதும். இதற்குத் தேவை சில மீற்றர் குழாயும், சுவர் பூசுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து யோசிப்பதுமே. பூச்சு முடிந்தபின் யோசித்தால் அதே வேலைக்கு இரட்டைச் செலவாகும்.

ட்ரிப் சுவிச் எதைக் காக்கும்?

“எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறது, ஒரு பயமுமில்லை” என்பது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இங்கே ஒரு தெளிவு வேண்டும். வீடுகளில் உள்ள 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பார்ப்பது ஒன்றை மட்டுமே: போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்ததா, இடையில் மனித உடலினூடாகவோ ஈரச் சுவரினூடாகவோ நிலத்துக்குக் கசிந்ததா என்பதை. அது உயிர் காக்கும் கருவி, கட்டாயம் இருக்கவேண்டும். ஆனால் 20 அம்பியர் போய் 20 அம்பியர் திரும்பி வந்தால் அதற்கு எல்லாம் சரி. அந்த 20 அம்பியரைச் சுமக்கும் வயர் கருகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

வயரைக் காப்பது எம்.சி.பி. என்று நாம் அழைக்கும் சிறு சுவிச். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 16 அம்பியர் எம்.சி.பி. 16 அம்பியரில் உடனே விழுவதில்லை. 18 அம்பியர் வரை அது விழாமல் இருக்கவேண்டும் என்பதே நியமம். 23 அம்பியரிற்கூட விழுவதற்கு ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம். ஆகவே கூரையினுள் 12 அம்பியருக்கு மேல் தாங்காத வயருக்கு 16 அம்பியர் எம்.சி.பி. போட்டால், வயர் வேகும்வரை காவலாளி தூங்கிக்கொண்டிருப்பான். எம்.சி.பி.யின் எண் வயரின் பெட்டியிலுள்ள எண்ணுக்கு அல்ல, வயர் போகும் பாதையின் மிகச் சூடான இடத்தில் அது தாங்கும் எண்ணுக்கு மேற்படாமல் இருக்கவேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பெரிய எண் போடுவது. பழைய பியூஸ் கட்டையானால் இரண்டு இழையை முறுக்கிக் கட்டுவது. இது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது. சுவிச் விழுவது தொல்லையல்ல, செய்தி. சுமை கூடிவிட்டது என்பதோ, சுவிச்சுப் பெட்டியே மேற்கு வெயில் சுடும் சுவரில் இருக்கிறது என்பதோ அச்செய்தியாக இருக்கலாம். பெட்டியை நிழலான சுவருக்கு மாற்றுங்கள். சுமையை இரண்டு இணைப்பாகப் பிரியுங்கள். எண்ணைக் கூட்டாதீர்கள்.

கிணற்றடிக்குப் போகும் வயர்

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, மண்ணெண்ணெய் இயந்திரத்தால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைத்த விவசாயிகளின் தலையில் பேரிடி விழுந்தது. மின்மோட்டருக்கு மாறுவதே வழி என்று பலர் கண்டனர். நல்ல மாற்றமே. ஆனால் மோட்டரை வாங்கக் கடன்பட்டவர், மிஞ்சிய காசுக்கு எந்த வயர் கிடைக்கிறதோ அதை வாங்கி வீட்டிலிருந்து கிணறு வரை இழுத்துவிடுவதும் உண்டு.

ஒன்றரைக் குதிரைவலு ஒற்றைக்கட்ட மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும் என்று கொள்வோம். கிணறு 60 மீற்றர் தூரம். 1 சதுர மில்லிமீற்றர் வயரானால் வழியிலேயே 26 வோல்ற் போய்விடும். 1.5 ஆனால் 17 வோல்ற். 2.5 ஆனால் ஏறத்தாழ 11. 4 ஆனால் 7 வோல்ற்றுக்கும் குறைவு. விதிநூல்கள் இத்தகைய சுமைக்கு விட்டுக்கொடுக்கும் எல்லை 5 வீதம், அதாவது 230இல் 11.5 வோல்ற். இந்தக் கணக்குகள் எல்லாம் கம்பி 70 பாகையில் இருக்கும்போது செய்தவை. ஏனெனில் செம்பு சூடானால் அதன் தடையும் கூடும். 20 பாகையிலிருந்து 70 பாகைக்குப் போகும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வயரைக் குளிர்ச்சியாக வைத்தால் வோல்ற் இழப்பும் குறையும்.

இழந்த வோல்ற் எங்கே போகிறது? வயரைச் சூடாக்குவதில்தான். அந்தச் சூட்டுக்கும் நாமே மாதாமாதம் கட்டணம் செலுத்துகிறோம். அதைவிடக் கேடானது ஒன்றுண்டு. வோல்ற் குறைந்தாலும் பம்பி இறைக்கவேண்டிய நீர் குறைவதில்லை. ஆகவே மோட்டர் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். கூடிய மின்னோட்டம் வயரை இன்னும் சூடாக்கும். வோல்ற் இன்னும் குறையும். மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓட்ட மின்னோட்டத்தைப்போல் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ தேவைப்படும். அந்தக் கணத்தில் 2.5 வயரிற்கூட ஏறக்குறைய 50 வோல்ற் இழக்கப்படலாம். மோட்டர் சுற்றாமல் முனகிக்கொண்டு நின்றால் காரணம் பெரும்பாலும் மோட்டரல்ல, வயர். அதை அறியாமல் மோட்டரை மறுபடி மறுபடி சுற்றுக் கட்டக் கொடுக்கிறோம். ஒருமுறை சுற்றுக் கட்டும் காசையும், நீரில்லாமல் வாடிய மிளகாய்க் கன்றையும் கூட்டிப் பார்த்தால், தடித்த வயர் விலை கூடியதா என்று தெரியும்.

கிணற்றடிக்குப் போகும் வயரை வேலிக் கதியாலில் கட்டி வெயிலில் விடுவது கூடாது. வெயில் கம்பியின் சூட்டைக் கூட்டுவதோடு உறையையும் பழுதாக்கும். நிலத்தின் கீழ் சூடு குறைவு. மண்வெட்டியும் கலப்பையும் படாத ஆழத்தில், கவசமுள்ள கேபிளாகவோ உறுதியான குழாயினுள் வைத்தோ புதைப்பது நல்லது. புதைத்த பாதையை இரண்டு பக்கமும் கல்நட்டு அடையாளம் செய்யவேண்டும். மோட்டரின் உலோக உடலுக்கு ஏர்த் வயர் கட்டாயம்.

90 பாகை வயர் வாங்கினால் தீர்ந்ததா?

எக்ஸ்.எல்.பி.ஈ. என்னும் உறையுள்ள கேபிள்கள் கடைகளில் உண்டு. அவற்றின் கம்பி 90 பாகை வரை வேலை செய்யலாம். 50 பாகைக் கூரையினுள் சாதாரண பிவிசி வயர் தன் பலத்தில் 71 வீதத்தைத் தரும்போது, இது 82 வீதத்தைத் தரும். கூரையினூடாகப் போவதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் இது நல்ல துணை.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 90 பாகை தாங்குவது கேபிள் மட்டுமே. அதன் இரு நுனிகளிலும் இருக்கும் சுவிச்சும் பிளக் பொயின்ற்றும் எம்.சி.பி.யும் பொதுவாக 70 பாகைக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. 90 பாகை தாங்கும் என்று கேபிளை அந்தளவுக்கு ஏற்றினால், அந்தச் சூடு கம்பி வழியே போய் சுவிச்சின் பிளாஸ்ரிக்கைக் கருக்கும். ஆகவே 90 பாகை கேபிளை வாங்குங்கள். சுமையை 70 பாகைக் கணக்குக்கே ஏற்றுங்கள். மிச்சமுள்ள 20 பாகை வெயிலுக்கு நாம் ஒதுக்கிவைத்த பங்கு என்று கொள்ளுங்கள்.

சொந்த வீட்டுக்கு இன்னும் திரும்பாதோருக்கு

தமது காணிக்கு இன்னமும் திரும்ப முடியாமல், உறவினர் வளவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருக்கும் வாசகர்களும் எமக்கு உண்டு. அவர்களுக்கு வடிவமைப்பு என்ற பேச்சே எட்டாத ஒன்றாகத் தோன்றலாம். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த ஒரு நீள வயர்தான் அவர்களது மின்சாரம். அங்கும் சூட்டின் விதி அதேதான். மிஞ்சிய வயரைச் சுருளாகக் கட்டித் தொங்கவிடாதீர்கள். சுருளின் நடுவிற் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. வயரைப் பாயின் கீழோ, உடுப்பு மூட்டையின் கீழோ, கிடுகுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். மெல்லிய வயரில் விளக்கும் தொலைபேசியும் மட்டும். அடுப்பும் கேத்தலும் வேண்டாம். இரண்டு வயரை முறுக்கி நாடா ஒட்டிய மூட்டுகளே முதலிற் சுடும் இடங்கள். மூட்டில்லாத ஒரே நீளமாக வாங்குங்கள். வயர் புறப்படும் இடத்தில் ட்ரிப் சுவிச்சும் சிறிய எம்.சி.பி.யும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பிளக் பொயின்ற் பழுப்பேறியிருப்பது, பிளக்கைக் கழற்றியதும் அதன் கால்கள் சுடுவது, பிளாஸ்ரிக் கருகும் மணம், ஆட்டினால் மின்சாரம் வந்து போவது ஆகியவை வயர் எமக்குத் தரும் முன்னறிவித்தல்கள். கண்டால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத் தகுதியுள்ளவரை அழையுங்கள். தாமாகத் திறந்து பார்க்க வேண்டாம். “பத்து வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே” என்பது சாட்சியாகாது. பத்து வருடம் குமிழ் எரித்த வயர், மின்னடுப்புக்கும் நின்று பிடிக்கும் என்று எவரும் வாக்குத் தரவில்லை.

எமது வேண்டுகோள்

நாம் இங்கே குறைகூறுவது ஏழை வயர்மனை அல்ல. குறைந்த விலைக்கு வேலை பேசுகிறோம். அவரும் குறைந்த விலைக்குள் முடிக்கிறார். எமது ஆட்சேபம் ஓர் எண்ணத்தின் மீதே. மீள்குடியேறியவரின் வீடு என்றால் இரண்டு குமிழும் ஒரு பிளக்கும் போதும் என்று எண்ணிக்கொண்டு மதிப்பீடு போடும் வழக்கம் அது. அந்தக் குடும்பம் முன்னேறும், மோட்டர் வாங்கும், குளிர்சாதனப் பெட்டி வாங்கும், மகள் தையல் இயந்திரம் போடுவாள் என்பதை அந்த மதிப்பீடு நம்பவில்லை. முன்னேற்றத்தை நம்பாத திட்டம் அபிவிருத்தித் திட்டமாகாது. முன்னேறிய வீடு எரிந்துபோகும் திட்டம் அதைவிடக் கேடு.

ஆகவே வீட்டுத்திட்டங்களை நடத்துவோரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. மதிப்பீட்டுத் தாளில் மூன்று நிரல்களைச் சேருங்கள்: ஒவ்வோர் இணைப்பும் ஐந்து வருடத்தின் பின் சுமக்கக்கூடிய சுமை, அது போகும் பாதையின் மிகச் சூடான இடம், அந்த இடத்தில் அந்த வயர் தாங்கும் அம்பியர். மூன்றாவது எண், எம்.சி.பி.யின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தாளில் கையொப்பம் இடாதீர்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் கமக்காரர் அமைப்புகளிடமும் நாம் கேட்பது: உங்கள் ஊரில் என்.வி.கியு. சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரை அழைத்து, வயர் வாங்குவதற்கு முன்பும் சுவர் பூசுவதற்கு முன்பும் எல்லா வீடுகளையும் ஒன்றாகப் பார்வையிடச் செய்யுங்கள். பத்து வீட்டுக்காரர் சேர்ந்தால் ஒருவருக்கு வரும் செலவு சிறிது. தரச்சின்னம் உள்ள வயரை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பென்று விற்பவரிடம் ஏமாறவும் வேண்டாம்.

குடும்பங்களிடம் நாம் கேட்பது ஒரு கேள்வி மட்டுமே. வயரிங் செய்ய வருபவரை முற்றத்தில் இருத்தித் தேநீர் கொடுங்கள். பொயின்ற் எத்தனை, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். பின்னர் கூரையைக் காட்டி, “தம்பி, நடுப்பகலில் இதற்குள் இந்த வயர் எத்தனை அம்பியர் தாங்கும்?” என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் கணக்குப் போட்டுச் சொல்வார். தெரியாதவர் வீட்டுக்குப் போய்ப் படிப்பார். இரண்டும் ஊருக்கு நன்மையே.